பவர் ஸ்டீயரிங்குக்கு இன்லைன் ஃபில்டர்: எந்தக் குழாயில், எதற்காக

பவர் ஸ்டீயரிங் பம்ப் போச்சு, புதுசு மாட்டினோம், ஆறு மாதத்தில் அதுவும் கத்த ஆரம்பித்துவிட்டது. "பம்ப் டூப்ளிகேட்டா இருக்கும்" என்று கடைக்காரரைத் திட்டுவதோடு பேச்சு முடிந்துவிடும். பல நேரம் குற்றம் புது பம்பில் இல்லை. பழைய பம்ப் சாகும்போது உதிர்த்த இரும்புத்தூள் ஹோஸிலும் ஸ்டீயரிங் பாக்ஸிலும் (ஸ்டீயரிங் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெட்டி) தங்கியிருந்து, புது பம்பைத் தேய்த்துத் தின்றுவிடுகிறது.

இதற்கு ஒரு ஃபில்டர் போட்டால் போதும் என்று யோசனை சொல்ல ஆள் நிறைய உண்டு. எந்தக் குழாயில் போடுவது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். டீசல் ஃபில்டரே போதும் என்பார் ஒருவர். சத்தம் நின்றுவிடும் என்பார் இன்னொருவர். ஒரு காந்தத்தைத் தொட்டியில் போட்டால் வேலை முடிந்தது என்பார் மூன்றாமவர். மூன்றுமே தவறு, அதிலும் முதலாவது ஆபத்தான தவறு. ஏன் என்று புரிய, ஆயில் எப்படி ஓடுகிறது என்பது தெரிந்தால் போதும்.

## முதலில், உங்கள் வண்டிக்கு இது தேவையா?

இன்லைன் ஃபில்டர் என்பது ஓடும் ஹோஸை நடுவில் வெட்டி, இரண்டு முனைக்கும் நடுவே மாட்டும் சின்ன உருளை. இந்தப் பேச்சு பெரும்பாலும் அமெரிக்க பிக்கப் டிரக்குகளைச் சுற்றியே நடக்கும். ஃபோர்டு எஃப்-250, ஷெவ்ரோலே சில்வராடோ 2500, ராம் 2500 போன்றவற்றின் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கில், ஆயில் தொட்டிக்குள் பெரும்பாலும் ஒரு வலைச் சல்லடைதான் இருக்கும். சிலவற்றில் அதுவும் இருக்காது. வலையில் பெரிய குப்பை சிக்கும், தூள் சிக்காது.

நம்மூர்ப் பெரிய லாரிகளின் கதை வேறு. அவற்றின் தொட்டிக்குள்ளேயே காகித ஃபில்டர் உட்கார்ந்திருக்கும். அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

மின்சார ஸ்டீயரிங் உள்ள வண்டியில் ஆயிலே கிடையாது, எனவே ஃபில்டர் என்ற கேள்வியும் இல்லை. இன்றைய கார்களில் பெரும்பாலானவை இந்த ரகம். ஃபோர்டு எஃப்-150 கூட 2011 மாடலில் பெரும்பாலான எஞ்சின்களுக்கு மின்சாரத்துக்கு மாறிவிட்டது. பானெட்டைத் திறந்து, பெல்ட்டில் ஓடும் பம்பும் ஆயில் தொட்டியும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

(நடைமுறைக்கு ஒத்துவந்த முதல் பவர் ஸ்டீயரிங் லாரிக்காரர் ஒருவரிடமிருந்து வந்ததுதான். அமெரிக்காவின் பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் டிரக் பிரிவில் பொறியாளராக இருந்த ஃபிரான்சிஸ் டேவிஸ் 1920-களில் இதை வடிவமைத்தார். விற்பனைக்கு வந்த காரில் அது ஏறியது 1951-இல், கிரைஸ்லர் இம்பீரியலில்.)

## வடைச் சட்டி எண்ணெய்

டீக்கடை வடைச் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஊற்றிய எண்ணெயிலேயே ஈடு ஈடாக வடை வேகிறது. ஒவ்வொரு ஈட்டிலும் கொஞ்சம் மாவும் பருப்பும் உதிரும். மாஸ்டர் அரிகரண்டியால் அவ்வப்போது துகளை அள்ளிவிட்டால் எண்ணெய் தாக்குப்பிடிக்கும். அள்ளாவிட்டால் அடியில் தங்கிய துகள் கருகி, எண்ணெய் கறுத்து, அடுத்த ஈட்டு வடையில் கசப்பாக ஒட்டும்.

பவர் ஸ்டீயரிங் ஆயிலும் அப்படித்தான். ஒரு பிக்கப்பில் மொத்தம் ஒன்று முதல் இரண்டு லிட்டர்தான் இருக்கும். அதே ஆயில்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. எஞ்சின் ஆயிலுக்கு ஃபில்டர் உண்டு, குறித்த கிலோமீட்டரில் மாற்றவும் செய்கிறோம். இந்த ஆயிலை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உள்ளே உதிர்ந்தது வெளியே போக வழியே இல்லை. இன்லைன் ஃபில்டர்தான் இங்கே அரிகரண்டி.

உவமையில் ஒரு குறை உண்டு. வடைச் சட்டியில் எண்ணெய் ஓடுவதில்லை. இங்கே ஓடுகிறது, அதுவும் வேகமாக. ஒரு பிக்கப்பில் நிமிடத்துக்கு சுமார் 8 லிட்டர் ஸ்டீயரிங் பாக்ஸ் வழியாகப் போய்த் திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை லிட்டர் ஆயில் ஒரு நிமிடத்தில் ஐந்து முறைக்கு மேல் சுற்றிவிடும். ஒரு மணி நேர ஓட்டத்தில் முந்நூறு முறைக்கு மேல். துகள் இருந்தால் அது ஒரே நாளில் எத்தனை தடவை பம்புக்குள் நுழையும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதே கணக்கு ஃபில்டருக்கும் பொருந்தும்: ஒரு சுற்றில் தப்பிய துகள் அடுத்த சுற்றுகளில் மாட்டிக்கொள்ளும்.

## ஆயில் போகும் வழி

பெல்ட்டில் சுற்றும் பம்ப், தொட்டியிலிருந்து ஆயிலை இழுத்து அழுத்தி அனுப்புகிறது. பெரும்பாலானவை வேன் பம்ப் வகை: சுற்றும் உருளையில் வெட்டிய பள்ளங்களுக்குள் மெல்லிய உலோகத் தகடுகள் வழுக்கி வெளியே வந்து, முட்டை வடிவ வளையத்தின் உட்சுவரை உரசியபடி ஓடும். அந்தத் தகடுகள்தான் வேன்கள். உரசல் தேயாமல் இருப்பது நடுவில் நிற்கும் ஆயில் படலத்தால்தான்.

பம்பிலிருந்து பிரஷர் ஹோஸ் வழியாக ஆயில் ஸ்டீயரிங் பாக்ஸுக்குப் போகிறது. அங்கே வாயிலில் ஒரு சுழல் வால்வு நிற்கிறது. நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது உள்ளே இருக்கும் ஒரு மெல்லிய கம்பி லேசாக முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கின் அளவுக்கு வால்வு திறந்து, எந்தப் பக்கம் திருப்புகிறீர்களோ அந்தப் பக்கம் ஆயிலைத் தள்ளும். வேலை முடிந்த ஆயில் ரிட்டர்ன் ஹோஸ் வழியாக, சில வண்டிகளில் முன்னால் இருக்கும் ஒரு சின்ன கூலரைச் சுற்றிக்கொண்டு, தொட்டிக்குத் திரும்புகிறது.

நேராக ஓட்டும்போது பிரஷர் ஹோஸில் 5 முதல் 10 பார் வரை அழுத்தம் இருக்கும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் அது 80 முதல் 100 பாருக்கு மேலும் ஏறும். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம் என்பதை நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். ரிட்டர்ன் ஹோஸிலோ சாதாரணமாக ஒன்றிரண்டு பார்தான்.

இதுவரை சொன்னது: தொட்டியிலிருந்து பம்புக்கு உறிஞ்சும் ஹோஸ், பம்பிலிருந்து பாக்ஸுக்கு பிரஷர் ஹோஸ், பாக்ஸிலிருந்து தொட்டிக்கு ரிட்டர்ன் ஹோஸ். மூன்றிலும் ஓடுவது ஒரே ஆயில், அழுத்தம் மட்டும் வேறு வேறு.

## துகள் எங்கிருந்து வருகிறது?

வேன்களும் வளையமும் தேய்வதால் இரும்புத்தூள். புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் வெண்கல வளையம்) தேய்ந்தால் மஞ்சள் நிறத் தூள். வயதான ஹோஸின் உள் ரப்பர் பொடிந்து கருப்புத் துணுக்கு. ஸ்டீயரிங் பாக்ஸுக்குள் இருக்கும் டெஃப்லான் வளையங்கள் கிழிந்தால் நார் போன்ற இழை. சூடேறிச் சூடேறிக் கெட்ட ஆயிலின் பிசின். தொட்டி மூடியைத் துடைக்காமல் திறப்பவர் தள்ளிவிடும் மணல். இந்தக் கடைசி ரகம் நாமே போடுவது.

அளவு தெரிய ஒரு சொல் வேண்டும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய புள்ளி 40 மைக்ரான் அளவில் இருக்கும். பம்பின் உள் இடைவெளிகளும் சுழல் வால்வின் இடைவெளியும் அதைவிடச் சிறியவை. ஆகவே கண்ணுக்குத் தெரியாத துகள்தான் உள்ளே நுழைந்து அரைக்கிறது. தெரிகிற அளவு பெரியது வாயிலிலேயே அடைத்துக்கொள்ளும். ஆயிலை விரலில் தொட்டுப் பார்த்து "சுத்தமாத்தான் இருக்கு" என்று சொல்வதற்குப் பெரிய மதிப்பில்லை.

ஒரு துகள் வேன் நுனியைக் கீறினால், அந்தக் கீறலிலிருந்து இன்னும் நாலு துகள் உதிரும். அவை இன்னும் கீறும். வட்டிக்கு வட்டி ஏறுகிற கதை. பம்ப் திடீரென்று போனது போலத் தோன்றினாலும் உள்ளே ரொம்ப நாளாகத் தேய்ந்துகொண்டிருந்திருக்கும்.

## மூன்று ஹோஸில் எது?

ரிட்டர்ன் ஹோஸ் மட்டும்தான். மற்ற இரண்டும் ஏன் கூடாது என்பதைப் பார்த்துவிடலாம்.

உறிஞ்சும் ஹோஸ்: கெட்டிப் பாயசத்தை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிப் பாருங்கள். ஸ்ட்ராவை விரலால் கொஞ்சம் நசுக்கினால் கன்னம்தான் ஒட்டும், பாயசம் வராது. பம்பின் வாயில் அதே நிலைமை உண்டானால் ஆயிலுக்குள் வெற்றிடக் குமிழ்கள் தோன்றி, அழுத்தப் பக்கம் போனதும் படீரென்று உடையும். இதற்குக் கேவிட்டேஷன் என்று பெயர். ஒவ்வொரு குமிழும் உடையும்போது உலோகத்தைச் சின்னதாகக் கொத்தும். பம்பைக் காப்பாற்ற உறிஞ்சும் பக்கம் ஃபில்டர் போட்டவர் அந்த ஃபில்டராலேயே பம்பைக் கொல்கிறார்.

பிரஷர் ஹோஸ்: இங்கே 100 பார் ஏறும் என்று பார்த்தோம். கடையில் கிடைக்கும் இன்லைன் ஃபில்டரின் உடல் அதைத் தாங்காது, கிளாம்ப் போட்ட ரப்பர் இணைப்பும் தாங்காது. பிய்த்துக்கொண்டால் 100 டிகிரிக்குப் பக்கமான சூட்டில் இருக்கும் ஆயில் நேரே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பீச்சியடிக்கும். வண்டி தீப்பிடிக்க அது போதும்.

ரிட்டர்னில் அழுத்தம் குறைவு, ஆயில் முழுக்க அந்த வழியேதான் திரும்ப வேண்டும், கொஞ்சம் தடை இருந்தாலும் பின்னால் தள்ளிவிட பம்ப் இருக்கிறது. பாக்ஸில் உதிர்ந்ததும் ஹோஸில் உதிர்ந்ததும் பம்பின் வாய்க்குப் போகும் முன் இங்கே பிடிபடும்.

அடையாளம் காண்பது எளிது. பிரஷர் ஹோஸின் இரு முனையும் இரும்பில் அழுத்திப் பிடித்த திருகு இணைப்பாக இருக்கும், கிளாம்ப் இருக்காது. கிளாம்ப் போட்ட ஹோஸ் ரிட்டர்னாக இருக்கலாம். ஆனால் தொட்டி தனியாக இருக்கும் வண்டிகளில் உறிஞ்சும் ஹோஸுக்கும் கிளாம்ப்தான். தொட்டியின் அடியிலிருந்து பம்புக்கு மட்டும் போகும் பருமனான குட்டை ஹோஸ் உறிஞ்சுவது, அதைத் தொடாதீர்கள். பாக்ஸிலிருந்தோ கூலரிலிருந்தோ வந்து தொட்டியில் சேரும் மெலிந்தது ரிட்டர்ன். பெரும்பாலான பிக்கப்புகளில் அதன் உள்விட்டம் 3/8 அங்குலம், அதாவது 9.5 மி.மீ. கூலர் இருந்தால் ஃபில்டரைக் கூலருக்கும் தொட்டிக்கும் நடுவில் வையுங்கள். பழைய பம்பின் தூள் கூலரின் வளைவுகளில் ஒளிந்திருக்கும். அது பின்னால் கிளம்பி வந்தாலும் ஃபில்டரைத் தாண்டித்தான் வர வேண்டும்.

## ஃபில்டருக்குள் என்ன இருக்க வேண்டும்?

மூன்று பாகம் உள்ள ஃபில்டரைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, துகளைப் பிடிக்கும் மடிப்புக் காகிதம் அல்லது நார்ப் படலம். இரண்டு, காந்தம், படலத்தில் நழுவும் நுண்ணிய இரும்பை இது இழுத்துக்கொள்ளும். அலுமினியம், வெண்கலம், ரப்பர், டெஃப்லான் எதுவும் காந்தத்தில் ஒட்டாது. அதனால்தான் தொட்டியில் காந்தம் போட்டால் போதும் என்பது பாதிக் கதை.

மூன்றாவதுதான் முக்கியம்: பைபாஸ் வால்வு. ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ, கனடாவின் ஜனவரிக் காலையில் ஆயில் தேன் போல இறுகியிருந்தாலோ, ஆயில் படலத்தைத் தாண்டி நேராகப் போக வழிவிடும் ஸ்பிரிங் கதவு அது. சில நிமிடம் ஆயில் வடிகட்டப்படாமல் ஓடும்; அதனால் பெரிய நஷ்டமில்லை. அந்தக் கதவு இல்லையென்றால் தேங்கிய அழுத்தம் பின்னால் ஏறி, ஸ்டீயரிங் பாக்ஸின் மேல் ஷாஃப்ட் ஆயில் சீலைத் தள்ளிவிடும், அல்லது ஹோஸைப் பிடுங்கிவிடும். சின்ன சீல்தான், ஆனால் அதை மாற்றப் பாக்ஸைக் கழற்ற வேண்டியிருக்கும்.

டீசல், பெட்ரோல் ஃபில்டர் ஏன் ஆகாது என்பதும் இதிலேயே அடங்கிவிட்டது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு பைபாஸ் கிடையாது, இருக்கவும் கூடாது. அழுக்கு எரிபொருள் இன்ஜெக்டருக்குப் போவதைவிட எஞ்சின் நிற்பதே மேல் என்பது அங்கே நியாயம். மெல்லிய எரிபொருளுக்காகச் செய்த படலம், நிமிடத்துக்கு 8 லிட்டர் ஆயிலுக்கு முன்னால் சுவராக நிற்கும். பிளாஸ்டிக் உடல் என்றால் சூட்டில் இளகும் அபாயமும் உண்டு.

ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் கூலர் லைனுக்கென்று விற்கும் காந்த ஃபில்டர்கள் இதற்கும் சரியாகப் பொருந்தும். இரண்டிலும் ஒரே மாதிரி ஆயில், ஒரே மாதிரி சூடு, ஒரே மாதிரி குறைந்த அழுத்தம். மைக்ரான் எண் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது என்று நினைக்க வேண்டாம். ரொம்ப நெருக்கமான படலம் சீக்கிரம் அடைத்து, பாதி நேரம் பைபாஸ் திறந்தே கிடக்கும்.

சுருக்கமாக: ரிட்டர்ன் ஹோஸ், 3/8 அங்குல முனை, படலம், காந்தம், பைபாஸ். பெட்டியில் பைபாஸ் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாத ஃபில்டரை வாங்காதீர்கள்.

## பிரேக்கும் இதே ஆயிலில் ஓடும் வண்டிகள்

இதைத் தெரியாமல் கைவைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். டீசல் எஞ்சினில் பிரேக் பூஸ்டருக்குத் தேவையான வெற்றிட இழுப்பு இயல்பாகக் கிடைக்காது. அதனால் பல கனரக பிக்கப்புகளில் பவர் ஸ்டீயரிங் பம்பே பிரேக் பூஸ்டரையும் ஓட்டுகிறது. ஹைட்ரோ-பூஸ்ட் என்று அதற்குப் பெயர். பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்குப் பின்னால் பெரிய வட்ட டப்பாவுக்குப் பதில், ஹோஸ்கள் மாட்டிய இரும்புக் கட்டி இருந்தால் அது இதுதான்.

இந்த வண்டிகளில் இரண்டு ரிட்டர்ன் ஹோஸ் தொட்டிக்கு வரும்: ஒன்று ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து, இன்னொன்று பூஸ்டரிலிருந்து. ஃபில்டர் பாக்ஸின் ரிட்டர்னில் மட்டுமே வர வேண்டும். பூஸ்டரின் ரிட்டர்னில் தடை உண்டானால், பிரேக்கை விட்ட பிறகும் பிரேக் லேசாகப் பிடித்தபடியே இருக்கும். இரண்டு ரிட்டர்னும் ஒரு டி-இணைப்பில் சேர்ந்து ஒன்றாகப் போகிற வண்டி என்றால், சேர்வதற்கு முன்னாலேயே பாக்ஸ் பக்கம் ஃபில்டரை வையுங்கள். சேர்ந்த பிறகு வைத்தால் இருவர் வழியையும் அடைத்ததாக ஆகும்.

பூஸ்டரில் அழுத்தத்தைச் சேமித்துவைக்கும் ஒரு குடுவையும் உண்டு, எஞ்சின் நின்றாலும் இரண்டு மூன்று தடவை பிரேக் பிடிப்பதற்காக. எந்த ஹோஸையும் கழற்றும் முன் எஞ்சினை நிறுத்தி, பெடல் கல் போல இறுகும் வரை மிதித்து அதைக் காலி செய்துவிட வேண்டும்.

இன்னொன்று. பிரேக்கோடு சம்பந்தம் இருக்கிறதே என்று ஸ்டீயரிங் தொட்டியில் பிரேக் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். சீல்கள் ஊறி உப்பி, பம்ப், பாக்ஸ், பூஸ்டர் மூன்றும் ஒன்றாகப் போகும்.

## மாட்டும் வேலை

எடுத்து வைக்க வேண்டியவை: ஃபில்டர் ஒன்று, திருகு கிளாம்ப் நான்கு (இரண்டு போதும்; மற்ற இரண்டு பழைய கிளாம்ப் உடைந்தால்), பவர் ஸ்டீயரிங் ரிட்டர்ன் ஹோஸ் அரை மீட்டர், வண்டிக்கு உரிய ஆயில் மூன்று லிட்டர், பழைய ஆயிலை உறிஞ்ச பெரிய சிரிஞ்ச், காலி பாட்டில், துணி. ஹோஸ் ஸ்டீயரிங்குக்கான குறைந்த அழுத்த ரகமாக இருக்க வேண்டும், எஸ்.ஏ.இ. ஜே189 என்று அதன் மேல் அச்சிட்டிருக்கும். தண்ணீர் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ் எல்லாம் இந்த ஆயிலில் உள்ளிருந்தே ஊறிப் பொடியும். ஃபில்டர் போட்ட கையோடு புதிய குப்பைக்கு ஏற்பாடு செய்தது போல் ஆகிவிடும்.

ஆயில் வகைக்கு வண்டியின் கைப்புத்தகம்தான் கடைசி வார்த்தை. ராம் பிக்கப்புகளில் ஏ.டி.எஃப்.+4, ஃபோர்டு பிக்கப்புகள் பலவற்றில் மெர்கான் வகை, ஷெவ்ரோலேயில் தனிப் பவர் ஸ்டீயரிங் ஆயில் என்று ஆளுக்கொரு வழக்கம்.

எஞ்சின் ஆறட்டும். முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போக வேண்டாம். தொட்டி மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறந்து, சிரிஞ்சால் ஆயிலை உறிஞ்சி எடுங்கள்.

அடுத்தது ஃபிளஷ், அதாவது பழைய ஆயிலைப் புது ஆயிலால் தள்ளி வெளியேற்றுவது. ரிட்டர்ன் ஹோஸைத் தொட்டிப் பக்கம் கழற்றி பாட்டிலுக்குள் விடுங்கள். தொட்டியில் திறந்த முனையை ரப்பர் மூடியால் அடைத்து, புது ஆயில் நிரப்புங்கள். எஞ்சினை ஓட விட்டே இதைச் செய்பவர்கள் உண்டு. நிமிடத்துக்கு 8 லிட்டர் ஓடும் பம்ப், தொட்டியில் நீங்கள் ஊற்றும் ஒரு லிட்டரை எட்டு நொடிக்குள் காலி செய்துவிடும். அதற்குப் பிறகு பம்ப் வறண்டு ஓடும். முதல் தடவை செய்பவருக்கு அந்த அவசரம் வேண்டாம். எஞ்சினை நிறுத்தியபடியே, தூக்கி நிற்கும் சக்கரத்தை ஸ்டீயரிங்கால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். பாக்ஸுக்குள் இருக்கும் பிஸ்டன் பழைய ஆயிலைத் தள்ளி வெளியே அனுப்பும். பத்துப் பதினைந்து முறை திருப்பி, தொட்டி காலியாகாமல் ஊற்றிக்கொண்டே வந்தால் பாட்டிலில் விழும் ஆயில் கறுப்பிலிருந்து தெளிவான நிறத்துக்கு வரும். பழைய பம்ப் செத்து மாற்றிய வண்டி என்றால் கூலரைத் தனியே கழற்றி அலசுங்கள். ஃபிளஷ் செய்யாமல் மாட்டிய ஃபில்டர் முதல் வாரத்திலேயே அடைத்து, பைபாஸ் திறந்து, அலங்காரப் பொருளாகத் தொங்கும்.

இனி ஹோஸை வெட்டலாம். எக்ஸாஸ்ட், பெல்ட், ஃபேன் மூன்றுக்கும் எட்டத்தில், பின்னாளில் கை போகிற இடமாகப் பாருங்கள். கூர்மையான பிளேடால் நேராக வெட்டுங்கள். ரம்பம் போட்டால் ரப்பர்ப் பொடி உள்ளே விழும். ஃபில்டர் உடலின் நீளத்துக்கு மட்டும் ஹோஸை வெட்டி எடுத்தால் முனைகள் இழுபடாமல் உட்காரும். ஃபில்டரின் மேல் அம்புக்குறி இருக்கும். அது தொட்டியைப் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் பைபாஸ் வேலை செய்யாது. பிடித்த குப்பையும் கழன்று ஓடும்.

முனையில் ஒரு சொட்டு ஆயில் தடவி ஹோஸைச் சொருகுங்கள். கிளாம்ப் முனையின் புடைப்பைத் தாண்டி உள்பக்கம் உட்கார வேண்டும். புடைப்பின் மேலேயே இறுக்கினால் வழுக்கி வெளியே வரும். ரப்பர் கிளாம்பின் துளைகளில் லேசாகப் பிதுங்கும் அளவு இறுக்கம் போதும், அதற்கு மேல் போனால் ஹோஸ் அறுபடும். ஃபில்டர் ஊஞ்சலாடாமல் ரப்பர் வைத்த ஒரு பட்டையால் சட்டத்தோடு பிடித்துவிடுங்கள்.

ரிட்டர்ன் ஹோஸைத் தொட்டியில் மாட்டி ஆயில் நிரப்பியதும் ஏர் எடுக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தியபடியே இருபது தடவை கோடிக்குக் கோடி மெதுவாகத் திருப்பி, மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழ் நின்ற பிறகு எஞ்சினைப் போட்டு, ஐடிலில் அதையே சில முறை செய்யுங்கள். கோடியில் ஐந்து நொடிக்கு மேல் பிடித்து நிறுத்தக் கூடாது. அங்கேதான் அழுத்தம் உச்சத்துக்குப் போய் ஆயில் கொதிக்கும். தொட்டியில் ஆயில் மோர் போல நுரைத்து வெளுத்திருந்தால் காற்று கலந்திருக்கிறது என்று பொருள். எஞ்சினை நிறுத்தி, நுரை அடங்கும் வரை விட்டு, மறுபடி திருப்புங்கள். 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு இரண்டு கிளாம்பையும் விரலால் தடவிப் பாருங்கள்.

## ஃபில்டர் சரிசெய்யாதவை

கத்துகிற பம்ப் கத்தும். தேய்ந்த வேனுக்கு ஃபில்டர் உலோகம் ஒட்டித்தராது. ஒழுகும் சீல் ஒழுகும். ஸ்டீயரிங் ஆட்டம் டை ராடிலோ (சக்கரத்தைத் திருப்பும் இணைப்புக் கம்பி) பாக்ஸின் செட்டிங்கிலோ இருந்தால் அதற்கும் ஆயிலுக்கும் சம்பந்தமே இல்லை. ஃபில்டர் போட்ட மறுநாள் "சத்தம் குறைஞ்சுடுச்சு" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் புது ஆயிலின் பலனைத்தான் சொல்கிறார்கள். மாட்டிய பிறகு புதிதாகச் சத்தம் வந்தால் ஏர் சரியாகப் போகவில்லை, அல்லது தவறுதலாக உறிஞ்சும் ஹோஸை வெட்டியிருக்கிறீர்கள்.

## நம்மூர் லாரிகளுக்கு

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் நிற்கும் கனரக லாரிகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்லைன் ஃபில்டர் தேவையே இல்லை. தொட்டி மூடியைத் திறந்தால் ஒரு ஸ்பிரிங், அதன் கீழே காகித எலிமென்ட் இருக்கும். திரும்பி வரும் ஆயில் அதன் வழியாகத்தான் இறங்குகிறது. எலிமென்ட் அடைத்துக்கொண்டால் அந்த ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு எலிமென்ட் மேலே எழும்பி வழிவிடும். பைபாஸ் வேலையைச் செய்வது அந்த ஸ்பிரிங்தான்.

எலிமென்ட் மாற்றும்போது ஸ்பிரிங்கை மறந்துவிட்டால், எலிமென்ட் தன் இடத்தில் உட்காராமல் மிதந்து, ஆயில் பக்கவாட்டில் நழுவிவிடும். பார்க்க எல்லாம் சரியாகவே தெரியும். அடைத்த எலிமென்டை எடுத்துப் போட்டுவிட்டு வெறும் தொட்டியில் ஓட்டுவது இன்னும் மோசம். டீசலில் கழுவி மறுபடி போடுவதும் வேண்டாம். காகிதத்தின் மடிப்புக்குள் போன தூள் கழுவினால் வராது, காகிதம்தான் கிழியும். இந்த வண்டிகளில் ஹோஸை வெட்டும் செலவை எலிமென்டுக்கும் ஆயிலுக்கும் மூடியின் ஓ-ரிங்குக்கும் போடுங்கள்.

## கழற்றிய ஃபில்டரை வெட்டிப் பாருங்கள்

பம்ப் மாற்றிய வண்டி என்றால் முதல் ஃபில்டரை 1,000 முதல் 1,500 கிலோமீட்டரில் மாற்றிவிடலாம். அதன் பிறகு 40,000 முதல் 50,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, ஆயிலோடு சேர்த்து.

பழையதைத் தூக்கி எறியாதீர்கள். குழாய் வெட்டும் சக்கரக் கட்டரால் சுற்றி வெட்டித் திறவுங்கள். ஹேக்ஸாவால் அறுத்தால் ரம்பத்தூளே காந்தத்தில் ஒட்டி உங்களைக் குழப்பும். படலத்தை ஒரு வெள்ளைத் துணியில் விரித்து, வெயிலில் வைத்துப் பாருங்கள்.

காந்தத்தில் மை போல வழவழப்பான சாம்பல் பசை இருந்தால் அது வழக்கமான தேய்மானம், கவலை இல்லை. அதே பசையில் வெயில் பட்டு மினுக்கும் செதில்கள் தெரிந்தால் வேன் அல்லது வளையம் உதிர்கிறது. அடுத்த ஃபில்டரைச் சீக்கிரமே திறந்து பார்க்க வேண்டும், செதில் கூடியிருந்தால் பம்புக்குப் பணம் எடுத்து வையுங்கள். விரலில் நசுக்கினால் கருப்பாக இழுபடும் துணுக்கு ரப்பர்; எல்லா ஹோஸையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவது நல்லது. மஞ்சள் தூள் என்றால் புஷ். நகத்தால் எடுத்தால் வளைகிற, ஆனால் உடையாத மெல்லிய இழை டெஃப்லான். அது ஸ்டீயரிங் பாக்ஸின் உள் வளையத்திலிருந்து வந்தது; எத்தனை ஃபில்டர் மாற்றினாலும் நிற்காது, பாக்ஸைத்தான் பிரிக்க வேண்டும்.